கல்லூரி வேலைவழிகாட்டலால் பயன் உண்டா? ஒரு கேள்விக்குள் இருக்கும் இரண்டு கேள்விகள்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். உயிர்வேதியியல் இறுதியாண்டு. கல்லூரியின் வேலைவழிகாட்டி மையத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறீர்கள். முதல் முறை கணினியில் ஒரு தேர்வு எழுத வைத்து மூன்று எழுத்துகளைக் கையில் கொடுத்தார்கள். இரண்டாம் முறை ரெஸ்யூமேயின் எழுத்துருவை மாற்றச் சொன்னார்கள். அதன்பிறகு 140 இடங்களுக்கு விண்ணப்பம் போட்டு, மூன்று இடங்களிலிருந்து பதில், அதில் ஒன்று நேர்காணல் வரை போய் நின்றுவிட்டது. "இந்த கவுன்சலிங் எல்லாம் சடங்குதானா? காசு கொடுத்துத் தனியார் பயிற்சியாளரிடம் போய்விடலாமா?" என்கிறீர்கள். எனக்கு இதில் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. நான் என்ன வேலைக்குப் போவது என்பது ஒன்று. போக நினைத்த வேலையை எப்படிப் பிடிப்பது என்பது மற்றொன்று. விண்ணப்பித்த வேலைகள் என்று நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலைப் பாருங்கள்: ஆய்வக உதவியாளர், மருந்து விற்பனை, உள்ளடக்க எழுத்தாளர், தரவு ஆய்வாளர், மனிதவளம். முதல் கேள்வி திறந்தபடியே இருக்க, இரண்டாவதில் இறங்கிவிட்டீர்கள். மையத்தில் உங்களுக்குக் கிடைத்த ஏமாற்றத்தில் பாதி, ஒரு கேள்வியை இன்னொன்றின் ஜன்னலில் நீட்டியதால் வந்தது என்று நினைக்கிறேன்.

நான் எட்டு வருடம் ஆள் எடுக்கும் பக்கம் இருந்தேன், ரெஸ்யூமே படிப்பதே வேலை. அப்புறம் பதினொரு வருடமாக ஒரு கல்லூரியின் வழிகாட்டி மையத்தில் மாணவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதுதான் என் தகுதி. கலைத்துறை, விளையாட்டு, போட்டித் தேர்வு வழியாகப் போகும் அரசு வேலை ஆகியவற்றில் என் பேச்சுக்கு மதிப்பு குறைவு. கீழே எது ஆய்வில் நிலைத்த விஷயம், எது என் அனுபவம், எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதல் கேள்வியிலிருந்து தொடங்குவோம். கல்லூரிகளில் இன்று நடக்கும் வேலைவழிகாட்டலின் அச்சு, 1908-இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் ஆரம்பித்த ஒரு சிறு அலுவலகத்தில் வார்க்கப்பட்டது. உன்னை அறிந்துகொள், வேலைகளை அறிந்துகொள், இரண்டையும் நிதானமாகப் பொருத்திப் பார் என்பது அவர் வகுத்த வழி. அதே வருடம் அவர் இறந்துபோனார். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நாங்கள் பெரும்பாலும் அந்த மூன்று படிகளில்தான் நிற்கிறோம். இதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் படிக்குத் தேர்வுகள் வந்துவிட்டன, அதனால் அது சுலபமாகிவிட்டது. இரண்டாவது படிக்கு அப்படி எதுவும் வரவில்லை, ஆகவே அதை மாணவரின் தலையிலேயே விட்டுவிடுகிறோம். உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

உங்களுக்குக் கிடைத்த மூன்று எழுத்துகள், ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் 1950-களின் கடைசியில் முன்வைத்த ஆறு வகைகளிலிருந்து வந்தவை. கருவிகளோடும் பொருள்களோடும் வேலை செய்வது, ஆராய்வது, படைப்பது, மனிதர்களுக்கு உதவுவது, முன்னின்று நடத்துவது, ஒழுங்குபடுத்துவது என்று மனிதரின் ஈடுபாட்டையும் வேலைகளையும் ஒரே அளவுகோலால் பிரிக்கும் முறை. இதைக் குப்பை என்று தள்ள மாட்டேன். ஈடுபாடு பற்றிய தேர்வுகளுக்கு ஆய்வு ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. ஒருவருடைய ஈடுபாடுகள் கல்லூரி வயதில், அதாவது 18 முதல் 22-க்குள், குறிப்பிடத்தக்க அளவு உறுதிப்பட்டு, அதன்பின் இருபது வருடம் போல ஏறத்தாழ அப்படியே நிற்கின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2005-இல் ஒரு குழு வெளியிட்டது. "இந்த வயதில் உனக்கு என்ன தெரியும்" என்று வீட்டில் சொல்வார்களே, அதற்கு இது ஓரளவு பதில்.

ஆனால் அந்தத் தேர்வு அளப்பது ஈடுபாட்டை மட்டும். திறமையை அது அளக்காது. அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்பதும் அதற்குத் தெரியாது. மூன்று எழுத்துகள் ஒரு வேலையைக் காட்டாது, ஒரு பேட்டையைக் காட்டும். அந்தப் பேட்டையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்பது வேறு வேலை. உங்களுடைய எழுத்துகள் ஆராய்தல், ஒழுங்குபடுத்தல், உதவுதல் என்று எழுதியிருக்கிறீர்கள். உயிர்வேதியியல் படித்தவருக்கு அந்தப் பேட்டையில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம் இருக்கிறது, மருந்துப் பரிசோதனைகளை ஒருங்கிணைக்கும் வேலை இருக்கிறது, மருந்து அனுமதிக்கான ஆவணங்களைத் தயாரிக்கும் வேலை இருக்கிறது. மருந்து விற்பனை அங்கே இல்லை. இந்த ஒரு பேச்சை உங்கள் ஆலோசகர் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை என்றால் அது அவருடைய குறைதான். தேர்வு முடிவை அச்செடுத்துக் கையில் கொடுத்து அனுப்புவதால் பெரிய பயன் இல்லை என்பது இந்தத் துறையில் தெரிந்த செய்தி. வழிகாட்டல் எப்போது பலிக்கிறது என்று பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பிரவுன், ரயான் கிரேன் இருவரும் 2000-இல் ஐந்து அம்சங்களைக் குறிப்பிட்டார்கள். மாணவர் தன் இலக்கை எழுதிப் பார்ப்பது, முடிவுகளைத் தனித்தனியாக விளக்கிச் சொல்வது, வேலைகளைப் பற்றிய தகவல், அதே பாதையில் போனவர்களைக் காட்டுவது, சுற்றியுள்ளவர்களின் ஆதரவைத் திரட்டுவது. உங்களுக்கு நடந்த இரண்டு சந்திப்புகளில் இந்த ஐந்தில் எது இருந்தது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தேர்வு என்ற பெயரில் வரும் எல்லாமே ஒரே தரம் என்றும் நினைக்காதீர்கள். நான்கு எழுத்தில் ஆளுமை வகை சொல்லும் புகழ்பெற்ற தேர்வு ஒன்று உண்டு. அதை ஆள் எடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். விரல்ரேகையை ஸ்கேன் செய்து எந்தப் படிப்பு பொருந்தும் என்று சொல்வதாக விற்கப்படுவதற்கு அறிவியல் அடிப்படையே கிடையாது. இதில் நான் தயங்கவில்லை. "ஆனால் எனக்கு அப்படியே பொருந்தியதே!" என்று பலர் சொல்வார்கள். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி முடிவு என்று சொல்லி ஒரு குறிப்பைக் கொடுத்தார். எவ்வளவு சரியாக இருக்கிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4-ஐத் தாண்டியது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு, ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தது. ஆகவே பொருந்துகிற மாதிரி தோன்றுவது சான்றாகாது.

சரி, இரண்டாவது படியான வேலையை அறிவது எப்படி? இங்கே எனக்குத் தெரிந்த ஒரே நம்பகமான வழி, அந்த வேலையில் இரண்டு மூன்று வருடம் இருப்பவரிடம் பேசுவதுதான். இருபது வருடம் இருப்பவரிடம் வேண்டாம், அவருக்கு ஆரம்பம் மறந்திருக்கும், அல்லது இனிப்பாக நினைவிருக்கும். "உங்கள் வேலை பிடித்திருக்கிறதா" என்று கேட்டால் மரியாதையான பதில் வரும். "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள்" என்று கேளுங்கள். மருந்து அனுமதி ஆவண வேலையில் இருந்த ஒரு முன்னாள் மாணவி, எங்கள் மாணவர் ஒருவரிடம், "காலையில் 60 பக்க ஆவணத்தில் அட்டவணை எண்களைச் சரிபார்த்தேன், மத்தியானம் அதே ஆவணத்தின் அடுத்த பதிப்பைச் சரிபார்த்தேன்" என்றாள். அவனுக்கு முகம் வாடிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் கண் மின்னியது. எந்தத் தேர்வும் எனக்கு அவ்வளவு சீக்கிரம் விடை சொன்னதில்லை.

முடிவெடுத்தபின்தான் அடி எடுத்து வைக்க வேண்டும் என்றும் இல்லை. ஜான் கிரம்போல்ட்ஸ் என்ற ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் வாழ்நாள் முழுக்க வேலைத்தேர்வைப் பற்றி ஆராய்ந்தவர். அவர் உளவியலுக்கு வந்த கதை என்ன தெரியுமா? கல்லூரியில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் கெடு வந்தபோது அவருக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. டென்னிஸ் பயிற்சியாளரிடம் போய்க் கேட்டார். அவர் உளவியல் ஆசிரியராகவும் இருந்ததால் உளவியலையே எடுக்கச் சொன்னார். இப்படி எதிர்பாராமல் வரும் வாய்ப்புகளைக் கண்டுகொள்வதும் அவை வரும் இடங்களில் போய் நிற்பதும் பழகக்கூடிய திறன்கள் என்று கிரம்போல்ட்ஸும் உடன் ஆய்வு செய்த இருவரும் 1999-இல் எழுதினார்கள். இதை நான் மாணவர்களிடம் எச்சரிக்கையோடுதான் சொல்வேன். கையில் சேமிப்பு இல்லாதவருக்கு, வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவருக்கு, தற்செயல் வரும்வரை திறந்த மனதோடு காத்திரு என்பது கேலியாகப் படும். நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. உடனே வருமானம் வேண்டும் என்றால், பேட்டைக்குள் இருக்கும் எந்த வேலையும் இப்போதைக்குச் சரிதான். தேடலை வேலையில் இருந்துகொண்டே தொடரலாம்.

இனி இரண்டாவது கேள்வி. இங்கே எனக்கு நம்பிக்கை கூடுதல், காரணம் இது கற்றுத்தரக்கூடிய கைத்தொழில். வேலை தேடுபவர்களுக்கான பயிற்சிகள் பற்றிய 47 ஆய்வுகளைச் சேர்த்து 2014-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கு வேலை கிடைக்கும் சாத்திய விகிதம் மற்றவர்களைவிட 2.67 மடங்கு என்று கணக்கிட்டார்கள். ரெஸ்யூமே, நேர்காணல் போன்ற திறன்களையும் கற்றுக்கொடுத்து, இலக்கு வைத்தல், தன்னம்பிக்கை, துணை தேடுதல் போன்ற ஊக்கத்தையும் சேர்த்துக் கொடுத்த பயிற்சிகள்தான் நன்றாகப் பலித்தன. ஒன்றை மட்டும் கொடுத்தவை பின்தங்கின. இந்த வகைப் பயிற்சிகளில் பெயர் பெற்றது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1980-களில் உருவான ஒன்று. அதில் எனக்குப் பிடித்த பகுதி, தோல்விக்குத் தடுப்பூசி போடுவது. அடுத்த வாரம் என்னென்ன தப்பாகப் போகலாம், பதிலே வராவிட்டால் என்ன செய்வாய், கூப்பிடுகிறேன் என்றவர் கூப்பிடாவிட்டால் என்ன செய்வாய் என்று முன்கூட்டியே குழுவாகப் பேசிவிடுவார்கள். நான் இதை அப்படியே எடுத்து எங்கள் மையத்தில் வைத்துக்கொண்டேன். நிராகரிப்பு வரும்போது அது தீர்ப்பாகத் தெரியாமல், நேற்றே பேசிவைத்த ஒன்றாகத் தெரிகிறது.

இந்த 2.67-ஐ அப்படியே உங்கள் மேல் ஒட்டிவைக்க முடியாது. அந்த ஆய்வுகளில் பலவும் வேலை இழந்தவர்களைப் பற்றியவை, கல்லூரி மாணவர்களைப் பற்றியவை அல்ல. உங்களுக்கு நெருக்கமான ஆய்வு பிரான்சில் நடந்தது. 235 வட்டாரங்களில், படித்த இளைஞர்களுக்குத் தீவிரமான வேலைதேடல் உதவியைக் குலுக்கல் முறையில் சிலருக்குக் கொடுத்து, சிலருக்குக் கொடுக்காமல் பார்த்தார்கள். முடிவு 2013-இல் வெளிவந்தது. எட்டு மாதம் கழித்து, உதவி பெற்றவர்கள் நிலையான வேலையில் இருப்பது கூடுதலாக இருந்தது. ஆனால் அந்த முன்னிலை நிலைக்கவில்லை. அதோடு, அதில் ஒரு பகுதி அதே ஊரில் உதவி கிடைக்காத இன்னொருவரின் வாய்ப்பிலிருந்து வந்தது. என் தொழிலைப் பற்றிய இந்தச் செய்தி எனக்குக் கசப்புதான். வழிகாட்டல் வரிசையில் உங்களைச் சற்று முன்னே நகர்த்தும், சீக்கிரம் உள்ளே அனுப்பும். புதிய வேலைகளை அது உண்டாக்காது. ஆள் எடுப்பே குறைந்திருக்கும் வருடத்தில் வேலை கிடைக்கவில்லை என்றால் அதில் உங்கள் தப்பு என்று இருப்பது சிறிது.

அதையும் சொல்லிவிடுகிறேன். மந்தமான வருடத்தில் பட்டம் வாங்கியவர்களைப் பற்றிக் கனடாவின் நீண்டகாலத் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2012-இல் வந்தது. ஆரம்பத்தில் வருமானம் சுமார் 9 சதவீதம் குறைகிறது, ஐந்து வருடத்தில் அந்த இழப்பு பாதியாகிறது, பத்து வருடத்துக்குள் மறைந்துவிடுகிறது. மறைவதற்கு முக்கியக் காரணம், சிறிய சம்பளத்தில் ஆரம்பித்தவர்கள் படிப்படியாக நல்ல நிறுவனங்களுக்கு மாறிப் போவது. முதல் வேலை சுமாராக அமைந்துவிட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் ஆதாரம்.

இப்போது உங்கள் 140-க்கு வருவோம். யாராவது இந்த எண்ணோடு வந்து உட்கார்ந்தால் நான் முதலில் கேட்பது, ஓட்டை எங்கே என்றுதான். விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லையா, பதில் வந்து நேர்காணலில் நிற்கிறதா, கடைசிச் சுற்றில் நிற்கிறதா? மூன்றுக்கும் மருந்து வேறு. உங்களுடையது பெரும்பாலும் முதல் வகை: 140-க்கு 3. ஒரு நேர்காணலை வைத்து உங்கள் பேச்சுத் திறமையைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஐந்து வகை வேலைகளுக்கு ஒரே ரெஸ்யூமேயை அனுப்பினீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. அனுப்பியிருந்தால், விடை அங்கேயே இருக்கிறது. தரவு ஆய்வாளர் வேலைக்கு ஆள் தேடுபவரின் கண்ணில் உங்கள் ரெஸ்யூமே ஓர் உயிர்வேதியியல் மாணவருடையது, ஆய்வகக்காரரின் கண்ணில் அது என்ன வேண்டும் என்று தெரியாத ஒருவருடையது.

ரெஸ்யூமேயை ஆறே விநாடிதான் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 2012-இல் ஒரு வேலைவாய்ப்பு இணையதளம் ஆள் எடுப்பவர்கள் 30 பேரின் கண்ணசைவை அளந்து வெளியிட்டது, வேதவாக்கு அல்ல. ஆனாலும் என் அனுபவத்தில் முதல் பார்வை ஒரு நிமிடத்தைத் தாண்டாது. இன்னொரு கதை, மென்பொருளே முக்கால்வாசி ரெஸ்யூமேக்களைத் தூக்கிப்போட்டுவிடுகிறது, மனிதர் பார்ப்பதே இல்லை என்பது. அந்த எண்ணிக்கைக்கு நம்பத்தக்க ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. இத்தனை வருட அனுபவம் உண்டா, இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா போன்ற நேரடிக் கேள்விகளில் "இல்லை" என்று பதில் சொன்னவர்களை மென்பொருள் கழித்துவிடுவது உண்டு. மற்றபடி நான் வேலை செய்த இடங்களில் மென்பொருள் அடுக்கி வைத்தது, தேடித் தந்தது, நாங்கள்தான் படித்தோம். எல்லாவற்றையும் படிக்கவில்லை. 300 வந்தால் ஆள் கிடைக்கும்வரை படிப்போம், கிடைத்ததும் நிறுத்திவிடுவோம். அதனால் விளம்பரம் வந்த முதல் சில நாளில் அனுப்பியவருக்கு உண்மையிலேயே சாதகம் இருந்தது. இது நான் இருந்த அலுவலகங்களின் வழக்கம். உங்கள் துறையில் வேறு மாதிரி இருக்கலாம்.

எழுத்துருவை விடுங்கள், வரிகளைப் பாருங்கள். "ஆய்வகப் பணிகளில் நல்ல அனுபவம் உண்டு" என்று எழுதினால் படிப்பவருக்கு அது ஒரு வெற்று வரி. "எலைசா முறையில் 60 மாதிரிகளைச் சோதித்தேன். முரணான முடிவு வந்த 4 தட்டுகளை மீண்டும் செய்து, கழுவும் படியில் நேர்ந்த பிழை என்று கண்டு பதிவு செய்தேன்" என்று எழுதினால் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் நிமிர்ந்து உட்காருவார். (எலைசா என்பது சிறு குழிகள் கொண்ட தட்டுகளில் செய்யும் ஓர் ஆய்வகச் சோதனை.) இரண்டாவது வரியில் பெருமை எதுவும் இல்லை, தவறுகூட இருக்கிறது. ஆனால் அவருடைய அன்றாட வேலை அதில் தெரிகிறது. உங்கள் இறுதியாண்டுத் திட்டத்தில் இப்படி நான்கு வரிகளாவது இருக்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதச் சொன்னால் முதல் வரியைத்தான் இன்னும் பளபளப்பாக்கித் தரும், ஏனென்றால் தட்டு எத்தனை, பிழை எங்கே என்பது அதற்குத் தெரியாது. எழுதியபின் இலக்கணம் திருத்த அதைப் பயன்படுத்துங்கள். மூலப்பொருள் உங்களிடமிருந்து வர வேண்டும். அண்மையில் எனக்கு வரும் விண்ணப்பக் கடிதங்களில் பத்தில் ஆறு ஏழு ஒரே கையால் எழுதியவை போல இருக்கின்றன. எண்ணிப் பார்த்ததில்லை, இது என் மதிப்பீடு.

அடுத்தது ஆட்கள் வழியாகப் போவது. "எனக்கு யாரையும் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காகப் பாஸ்டனுக்கு அருகே, தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்தத் தெரிந்தவரை எத்தனை முறை சந்திப்பீர்கள்? அடிக்கடி என்றவர்கள் சுமார் 17 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55 சதவீதத்துக்கு மேல். அரிதாக என்றவர்கள் சுமார் 28. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும், தள்ளி இருப்பவருக்குத்தான் வேறு சேதி தெரியும் என்பது அவர் சொன்ன விளக்கம். மாதிரி சிறியதுதான். ஆனால் 2022-இல் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கு மேற்பட்டவர்களை வைத்து ஐந்து வருடப் பரிசோதனை முடிவுகள் வந்தபோதும் அதே திசையில்தான் இருந்தது, ஒரு திருத்தத்தோடு: மிக அந்நியமானவர்களைவிட, ஓரளவு அறிமுகம் உள்ளவர்கள்தான் அதிகம் உதவினார்கள். உங்கள் விஷயத்தில் அது யார்? இரண்டு வருடம் முன்னால் படித்துப் போன சீனியர்கள். ஆய்வகத்துக்குக் கருவி பழுது பார்க்க வந்தவர். வகுப்பு எடுக்க வெளியிலிருந்து வந்த விருந்தினர். பேராசிரியரின் பழைய மாணவர்கள். இவர்கள் பட்டியல் உங்கள் வழிகாட்டி மையத்திடம் இருக்கும், இருக்க வேண்டும். போய்க் கேளுங்கள்.

அவர்களுக்கு எழுதும்போது வேலை கேட்காதீர்கள். "வணக்கம். நான் உயிர்வேதியியல் இறுதியாண்டு. நீங்கள் இதே துறையில் படித்துவிட்டு மருந்துப் பரிசோதனை ஒருங்கிணைப்புக்குப் போயிருப்பதைப் பார்த்தேன். முதல் வருடத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ள ஆசை. உங்களுக்கு வசதியான நேரத்தில் பதினைந்து நிமிடம் போனில் பேச முடியுமா?" இவ்வளவு போதும். எங்கள் மாணவர்கள் இப்படிப் பத்துப் பேருக்கு எழுதினால் மூன்று நான்கு பேர் பேசுகிறார்கள். பேசி முடிக்கும்போது "நான் வேறு யாரிடம் பேசினால் நல்லது?" என்று ஒரு கேள்வி. இதில் முதல் கேள்வி, இரண்டாவது கேள்வி இரண்டுக்கும் ஒரே அழைப்பில் விடை கிடைக்கிறது, அதனால்தான் இதற்கு இவ்வளவு இடம் கொடுக்கிறேன். தயக்கம் இருக்கும், தெரியும். முதல் மூன்றை நான் மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்தே அனுப்ப வைப்பேன்.

நேர்காணலைப் பற்றிச் சுருக்கமாக. ஆள் எடுக்கும் முறைகளில் எது வேலைத்திறனைச் சரியாகக் கணிக்கிறது என்று 2022-இல் வந்த மறுகணக்கீட்டில், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல் முதலிடத்துக்கு வந்தது. வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலின் கணிப்புத்திறன் அதில் பாதிகூட இல்லை. உங்களுக்கு எது வாய்க்கும் என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் உதவும் தயாரிப்பு ஒன்றுதான்: உங்கள் சொந்த அனுபவத்திலிருந்து ஆறேழு சம்பவங்கள். தப்பு செய்து திருத்தியது, யாரோடோ ஒத்துப்போகாமல் சமாளித்தது, கெடுவுக்குள் முடித்தது. என்ன நிலைமை, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆயிற்று என்று ஒவ்வொன்றையும் ஒன்றரை நிமிடத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கில் வராது. மாதிரி நேர்காணல் வைக்கும் வசதி உங்கள் மையத்தில் இருந்தால் இரண்டு முறை கேட்டு வாங்குங்கள். முதல் முறை பதற்றத்திலேயே போய்விடும்.

தனியார் பயிற்சியாளர் விஷயம். நல்லவர்கள் இருக்கிறார்கள், சிலருக்கு உதவியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் செய்யப்போவதில் பெரும்பகுதியைக் கல்லூரி மையத்தில் இலவசமாகச் செய்துகொள்ள முடியும், நீங்கள் கேட்கும் விதத்தை மாற்றினால். "எனக்கு எந்த வேலை சரி வரும்" என்று போனால் உங்களுக்குத் தேர்வுதான் கிடைக்கும். "இந்த மூன்று விளம்பரங்களுக்கு என் ரெஸ்யூமேயில் என்ன குறைகிறது, இந்த வகை வேலையில் இருக்கும் இரண்டு முன்னாள் மாணவர்களின் பெயர் வேண்டும்" என்று போனால் ஆலோசகர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப்போடுவார். ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு மூன்று நான்கு பேர்தான் அங்கே இருப்போம், யார் தெளிவாக வருகிறார்களோ அவர்களுக்கு நேரம் போய்விடுகிறது. இது நியாயமில்லை என்று எனக்கே தெரியும். இறுதியாண்டு கடைசி இரண்டு மாதத்தில் வாசலில் வரிசை நிற்கும், இரண்டாம் ஆண்டில் யாரும் வருவதில்லை.

அப்படியும் வெளியே போவதானால், எத்தனை சந்திப்பு, ஒவ்வொன்றிலும் என்ன நடக்கும், உங்கள் துறையில் முன்பு யாருக்காவது உதவியிருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். வேலை உறுதி என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அது அவர் கையில் இல்லை. பயிற்சிக்குக் காசு கொடுப்பது வேறு, வேலைக்குக் காசு கொடுப்பது வேறு. வேலை வாங்கித்தரும் தனியார் முகமைகள் வேலை தேடுபவரிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பொது விதி. எல்லா நாடுகளும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை, விதிவிலக்குகளும் உண்டு, ஆகவே உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் எதுவானாலும், பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம், திரும்பத் தரும் முன்பணம் என்று வேலைக்கு எடுப்பவர் கேட்டால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. இறுதியாண்டு மாணவர்கள் இதில் விழுவதை வருடாவருடம் பார்க்கிறேன். கெட்டிக்காரர்களும் விழுகிறார்கள், 140 மௌனத்துக்குப் பிறகு வரும் முதல் "ஆமாம்" அப்படி மயக்கும்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டு வாரம் விண்ணப்பிப்பதை நிறுத்திவிட்டு ஐந்து பேரிடம் பேசுவேன்: தரக்கட்டுப்பாட்டில் இரண்டு, மருந்துப் பரிசோதனையில் இரண்டு, ஆவணப் பக்கம் ஒன்று. அப்புறம் ஒரே ஒரு வகையைப் பிடித்து, அதற்கென்று ஒரு ரெஸ்யூமே எழுதி, 20 இடங்களுக்கு மட்டும், விளம்பரம் வந்த வாரத்திலேயே அனுப்புவேன். மூன்று நான்கு பதில் வந்தால் பாதை சரி, நேர்காணல் பக்கம் கவனத்தைத் திருப்பலாம். ஒன்றும் வராவிட்டால் வரிகளை மாற்ற வேண்டும், அல்லது அந்த வகையில் இப்போது ஆள் எடுக்கவில்லை என்று பேசியவர்களிடமே கேட்டு உறுதி செய்ய வேண்டும். அந்த மூன்று எழுத்துகளை ரெஸ்யூமேயில் போடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அந்த வரிக்கு எலைசா தட்டுகள் வரட்டும். பதில் வந்த மூன்று இடங்களும் எந்த வகை வேலை என்று மட்டும், நிறுவனப் பெயர் இல்லாமல், கீழே எழுதுங்கள். மூன்றும் ஒரே வகையாக இருந்தால் நான் மேலே சொன்னதில் பாதியை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.